கதவுக்கு இறக்கை வைக்கும் தம்பிகளுக்கு

அண்ணனூர், ஆவடி, திருமுல்லைவாயல், அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் டிங்கரிங், வெல்டிங், பாடி வேலை பார்க்கும் தம்பிகளுக்கு,

உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். 31 வருஷம் பாடி ஃபிட்டராக இருந்துவிட்டு இப்போது அண்ணனூர் ஸ்டேஷன் பக்கம் வீட்டோடு இருக்கிறேன். கை சும்மா இருக்காது என்பதால் யாராவது கூப்பிட்டால் பட்டறைக்கு வந்து பார்த்துவிட்டுப் போவேன்.

போன மாதம் உங்களில் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். பெயர் வேண்டாம். ஒரு பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு வேலைக்கு வந்திருக்கிறது, இரண்டு கதவு வண்டி. பக்கவாட்டில் திறக்கும் கதவைக் கழற்றிவிட்டு, பறவை இறக்கை விரிக்கிற மாதிரி கூரையிலிருந்து மேலே எழும்பும் கதவு வேண்டுமாம் ஓனருக்கு. ஃபோனில் பழைய பென்ஸ் படத்தைக் காட்டியிருக்கிறார். தம்பி அட்வான்ஸ் வாங்கிவிட்டார். கூரையில் எங்கே வெட்டுவது என்று சாக்பீஸால் கோடும் போட்டாகிவிட்டது. என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: "அண்ணே, எந்த சைஸ் டிக்கி ஷாக் போடலாம்?"

அன்றைக்கு அவசரத்தில் பாதி பதில்தான் சொன்னேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. மீதி பதிலை உங்கள் எல்லாருக்குமாக எழுதுகிறேன். ஸ்விஃப்டுக்கும் சிவிக்குக்கும் லம்போ டோர் கிட் மாட்டிக் கொடுப்பவர்களும் இதைப் படிக்க வேண்டும்.

முதலில் அந்த பென்ஸ் கதையிலிருந்து தொடங்குகிறேன். மெர்சிடிஸ் 300 எஸ்எல் 1954 பிப்ரவரியில் நியூயார்க் கண்காட்சியில் காட்டப்பட்டது. 1957 வரை 1,400 வண்டிகள் செய்தார்கள். அந்தக் கதவு அழகுக்காகப் பிறந்ததில்லை. அதற்கு முன்னால் 1952இல் ருடால்ஃப் ஊலன்ஹாட் என்ற எஞ்சினியர் ஒரு பந்தயக் கார் செய்தார். எடை குறைய வேண்டும், ஆனால் முறுக்கினால் வளையக் கூடாது. அதனால் மெல்லிய இரும்புக் குழாய்களை முக்கோண முக்கோணமாக வெல்டு செய்து ஒரு கூண்டு கட்டினார். அந்தக் கூண்டின் பக்கக் குழாய்கள், நாம் ஏறி உட்காரும் இடத்தில் இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்டன. அங்கே சாதாரணக் கதவு வைக்க இடமே இல்லை. மிச்சமிருந்தது மேல்பக்கம். அதனால் கீலைக் கூரைக்குக் கொண்டுபோனார்கள். முதலில் வந்த பந்தய வண்டியில் கதவு வெறும் ஜன்னல் அளவுதான். அதே ஆண்டு லெமான்ஸ் பந்தயத்துக்குப் போகும்போது, ஆள் ஏறி இறங்க ஏதுவாக அதைக் கீழே நீட்டினார்கள். அந்தப் பந்தயத்தை ஜெயித்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்த வண்டியின் பலம் கீழே, பக்கக் குழாயில் இருந்தது. கூரைக்கு அங்கே சுமக்க வேண்டிய வேலை பெரிதாக இல்லை. கதவைக் கூரையில் தொங்கவிட்டது அந்தக் கூண்டுக்கு ஒத்துப்போனது. இன்றைக்கு ஓடும் மாருதியையோ ஹூண்டாயையோ எடுத்துக்கொள்ளுங்கள். தனி சேஸிஸ் கிடையாது, பாடியே சேஸிஸ். முன் பில்லர், நடு பில்லர், அவற்றை மேலே இணைக்கும் கூரை விளிம்பு, கீழே சில், இவை நான்கும் சேர்ந்த சட்டம்தான் பக்கவாட்டில் இடி வாங்கும்போது உள்ளே இருப்பவரைக் காப்பாற்றுகிறது. கதவுக்குள் இருக்கும் இரும்புத் தண்டு கூட, முன்னால் கீலும் பின்னால் லாக்கும் பிடித்திருந்தால்தான் வேலை செய்யும். கூரை விளிம்பை வெட்டிவிட்டால் அந்தச் சட்டத்தின் ஒரு பக்கம் போய்விட்டது. எத்தனை பேட்ச் வைத்து வெல்டு அடித்தாலும் கம்பெனி பிரஸ்ஸில் அடித்த தகடு திரும்பி வராது. ஆகவே பாடியே சேஸிஸாக இருக்கும் வண்டியில் கூரையை வெட்டும் வேலையை எடுக்காதீர்கள். எவ்வளவு பணம் கொடுத்தாலும் எடுக்காதீர்கள்.

ஹெரால்டு வேறு ஜாதி. அதற்குத் தனி சேஸிஸ் உண்டு. இங்கிலாந்தில் ட்ரையம்ப் ஹெரால்டாக 1959இல் வந்த வண்டி. இத்தாலிக்காரர் மிக்கெலாட்டி வரைந்தது. 1961 முதல் நம் ஊரில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி அதைச் செய்தது. இதே சேஸிஸைக் குறுக்கித்தான் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். ஹெரால்டின் கூரை தனித் துண்டு, போல்ட் போட்டு இறுக்கியது. நம்ம தம்பிக்குத் துணிச்சல் வந்தது இதனால்தான். "சேஸிஸ்தான் தாங்குதே அண்ணே, கூரையை வெட்டினா என்ன?" என்றார். சரி, சேஸிஸ் எஞ்சினையும் சீட்டையும் தாங்கும். இந்தக் கதவைத் தாங்கப்போவது யார்? போல்ட் போட்டு இறுக்கிய அந்த மெல்லிய தகரம்தான். அதன் நடுவில் இரண்டு கீலை வைத்து, இரண்டு பக்கமும் கதவைத் தொங்கவிட்டு, ஷாக்கால் மேலே தள்ளினால் தகரம் குழிந்து போகும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக. ஆறு மாதத்தில் கதவு லாக்கில் உட்காராது.

இனி அவர் கேட்ட ஷாக் விஷயம். இதைப் பொறுமையாகப் படியுங்கள்.

1974, 75இல் பிரிக்லின் என்று ஒரு கார் வந்தது. கனடாவில் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் செய்தார்கள். இதே மாதிரி மேலே எழும்பும் கதவு. ஒவ்வொரு கதவும் ஏறத்தாழ 40 கிலோ. தூக்க ஹைட்ராலிக் பம்பு வைத்தார்கள். கதவு மெதுவாக ஏறும், மெதுவாக இறங்கும். ஒரு கதவை ஏற்றவும் மற்றதை இறக்கவும் ஒரே நேரத்தில் பட்டனை அழுத்தினால் பம்பு கெட்டுப்போகும். பேட்டரி இறங்கிவிட்டால் கதவு நகராது. மூவாயிரத்துக்கும் குறைவான வண்டிகளோடு கம்பெனி மூடிவிட்டது. அந்தக் கார்களை வைத்திருப்பவர்களில் பலர் அப்புறம் ஹைட்ராலிக்கைக் கழற்றி எறிந்துவிட்டு, காற்று சிலிண்டர் வைத்து மாற்றிக்கொண்டார்கள். கதவு சட்டென்று ஏறியது, எண்ணெய்க் கசிவும் இல்லை.

அந்த 40 கிலோவை வைத்தே கணக்குப் போடுவோம். கதவின் எடை மையம் கீலிலிருந்து அரை மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். அந்த மையம் கீலுக்கு நேர் பக்கவாட்டில் வரும்போதுதான் கதவு மிகவும் கனக்கும். 40 கிலோ, அரை மீட்டர். இப்போது ஷாக்கைக் கீலுக்கு எவ்வளவு பக்கத்தில் மாட்டுகிறீர்கள்? இடமில்லாமல் 10 சென்டிமீட்டரில் மாட்டுவீர்கள். அரை மீட்டரில் இருக்கும் 40 கிலோவை 10 சென்டிமீட்டரில் நின்று தூக்க வேண்டுமென்றால் 200 கிலோ தள்ளு வேண்டும். இரண்டு ஷாக் என்றால் ஒன்றுக்கு 100 கிலோ. ஷாக்கின் மேலே அச்சடித்திருக்கும் நியூட்டன் கணக்கில் ஏறத்தாழ 1000. சின்னக் கார் டிக்கிக்கு வரும் ஷாக் பெரும்பாலும் இதில் பாதி கூட இருக்காது. தம்பி வாங்கி வைத்திருந்த ஜோடியைத் திருப்பிப் பார்த்தேன். ஒன்று 380.

அந்த 200 கிலோவும் எதிர்ப்பக்கம் எங்கே அழுத்தும்? மறுபடியும் அதே தகரக் கூரையை.

இன்னொன்று, நம் ஊர் வெயில். ஷாக்கின் உள்ளே இருப்பது நைட்ரஜன். சூடானால் அழுத்தம் கூடும். 20 டிகிரியில் சரியாகத் தூக்கும் ஷாக், மே மாதம் சி.டி.எச். ரோட்டில் வெயிலில் நின்ற வண்டியில், 55 டிகிரியில், ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு கூடுதலாகத் தள்ளும். லாக்கை விட்டவுடன் கதவு சீறிக்கொண்டு மேலே போகும். குனிந்து சாவி போட்டவருடைய தாடை அந்த வழியில்தான் இருக்கும். அதே வண்டியை டிசம்பரில் ஊட்டிக்கு ஓட்டிப் போனால் கதவு பாதியில் நின்று, மெல்லக் கீழே வரும். எந்த ஷாக்கும் வருஷங்கள் போகப் போகத் தளரும். ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள், ஜோடியாக மாற்றுங்கள். கதவு மூடியிருக்கும்போது ராடு கீழ்ப்பக்கம் பார்க்க வேண்டும், அப்போதுதான் உள்ளே இருக்கும் எண்ணெய் சீலின் மேல் நிற்கும். ராடைக் கட்டிங் பிளேயரால் பிடிக்காதீர்கள். ஒரு கீறல் போதும், சீல் போய்விடும்.

இதைச் சொல்லும்போது எனக்கு ஒரு ஓட்டை ஞாபகம் வருகிறது. நான் வேலை பார்த்த பட்டறையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ஒரு மத்தியானம், புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் பழைய வேனின் டிக்கி ஷாக்கைக் கழற்றி, எடைக்குப் போட வசதியாக இரண்டாக்கலாம் என்று கேஸ் கட்டரை வைத்தான். நான் பத்தடி தள்ளிக் கதவுக்கு ரப்பர் பீடிங் வெட்டிக்கொண்டிருந்தேன். "டேய்" என்று நான் எழுந்திருப்பதற்குள் துப்பாக்கி மாதிரி ஒரு சத்தம். ராடு அவன் காதுக்குப் பக்கத்தில் போய்க் கூரையைத் துளைத்துக்கொண்டு வெளியே விழுந்தது. ஐந்து பைசா நாணயம் அளவுக்கு ஒரு ஓட்டை. பையன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அன்று முழுக்க அவன் கையில் டீ கிளாஸ் நிற்கவில்லை. அந்த ஓட்டையை யாரும் அடைக்கவில்லை. ஒவ்வொரு ஐப்பசியிலும் அது வழியாகச் சொட்டும் தண்ணீருக்குக் கீழே ஒரு டப்பா வைப்போம். ஷாக்கை வெட்டாதீர்கள், சூடாக்காதீர்கள், அதன் பக்கத்தில் வெல்டு அடிக்காதீர்கள்.

ஷாக்கை மட்டுமே நம்பாமல் செய்தவர்களும் உண்டு. டெலோரியன் என்று ஒரு கார், 1981 முதல் 82 வரை, வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் பக்கத்தில் செய்தார்கள். அதில் கதவைத் தூக்கும் பெரிய வேலையைச் செய்வது டார்ஷன் பார், அதாவது முறுக்குத் தண்டு. ஆவடி ஹெவி வெஹிக்கிள்ஸ் ஃபேக்டரியில் வேலை பார்த்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் கேளுங்கள். விஜயந்தா டேங்கும் டி-72 டேங்கும் அந்த மாதிரித் தண்டின் மேல்தான் மேடு பள்ளம் தாண்டின. முறுக்கிவிட்ட இரும்பு திரும்ப நேராகப் பார்க்கும், அந்தப் பலம்தான் தூக்குகிறது. டெலோரியனுக்காக அமெரிக்காவின் கிரம்மன் விமானக் கம்பெனி அந்தத் தண்டைத் திரவ நைட்ரஜனில் குளிரவைத்து, அந்தக் குளிரிலேயே முறுக்கிச் செய்தது. கதவு பக்கவாட்டில் ஒரு அடிக்கும் குறைவான இடத்தில் திறந்துவிடும். பட்டறையில் செய்யக்கூடிய வேலை இல்லை அது. முறுக்கிய தண்டு கழன்றால் ஷாக்கை விட மோசம், கையை எடுத்துவிடும்.

கதவு திறந்து நிற்கும்போது டெலோரியனின் உயரம் 1.96 மீட்டர். நம் பக்கம் அபார்ட்மென்ட் கீழே கார் நிறுத்தும் இடங்களில் உத்தரம் எவ்வளவு தாழ்வாக வருகிறது என்று உங்களுக்கே தெரியும். மழையில் திறந்தால் கூரைத் தண்ணீர் மொத்தமும் மடியில் விழும். ஹெரால்டின் கூரை ஓரத்தில் மழைத்தண்ணீர் வழிய ஒரு மடிப்பு உண்டு, அதையும் வெட்டியாக வேண்டும்.

இதெல்லாம் கூட வேலைத் திறமையால் ஓரளவு சமாளிக்கலாம். நான் தூங்காமல் புரண்டது வேறொன்றுக்காக. உள்ளே இருப்பவர் வெளியே வருவது.

எங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் அண்ணனூர் கார் ஷெட்டுக்குப் போகும் யூனிட் ரயில்கள் தெரியும். கூரை மேல் கரண்ட் வாங்கும் பான்டோகிராஃப் காற்று அழுத்தத்தால் நிமிர்கிறது. காற்று போய்விட்டால் தானாகப் படுத்துவிடும். அதைப் படம் வரைந்தவர்கள் முதலில் கேட்டுக்கொண்ட கேள்வி, "காற்று போனால் இது எந்தப் பக்கம் போக வேண்டும்?" என்பது. கம்பியைத் தொட்டுக்கொண்டு நிற்பது ஆபத்து, ஆகவே கீழே. உங்கள் கதவுக்கும் அதே கேள்வியைக் கேளுங்கள். பேட்டரி செத்தால்? காற்று டியூப் பிய்ந்தால்? ஃபியூஸ் போனால்? கதவைக் கையால் திறக்க முடிய வேண்டும். ஒரு பத்து வயதுப் பிள்ளையின் கையால்.

கைப்பிடியை அறுத்து எடுத்து வழவழவென்று பெயின்ட் அடித்து, ரிமோட்டால் மட்டும் திறக்கும் கதவுகளை நான் நம் ஏரியாவிலேயே பார்த்திருக்கிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊர் இது. கார் தண்ணீரில் நின்றால் முதலில் சாவது எலெக்ட்ரிக். ரிமோட்டை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டு இடத்தில் கம்பி வழியாக இழுத்துத் திறக்கும் வசதி வேண்டும். பைக்கின் கிளட்ச் வயர் போதும், லாக்கோடு நேராகக் கட்டிவிடுங்கள். வெளிப்பக்கத்து வயர் முனை எங்கே இருக்கிறது என்று தெருவில் போகிறவருக்கும் தெரிகிற மாதிரி சிவப்பு அடியுங்கள். காற்று சிலிண்டர் வைத்தால், உள்ளிருந்து எட்டுகிற இடத்தில் காற்றை வெளியே விடும் வால்வு ஒன்று வையுங்கள். காற்று நிற்கும் டேங்கில் சேஃப்டி வால்வு இல்லாமல் வண்டியை வெளியே விடாதீர்கள். கதவு இறங்கும் வேகத்தைக் குறைக்க சிலிண்டர் வாயில் வேகக் கட்டுப்பாட்டு வால்வு போடுங்கள், விரல் மாட்டினால் எடுக்க நேரம் கிடைக்கும்.

வண்டி தலைகீழாகக் கவிழ்ந்தால்? பக்கவாட்டுக் கதவை எப்படியாவது தள்ளலாம். கூரையிலிருந்து திறக்கும் கதவு தரைக்கும் வண்டிக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். மெர்சிடிஸ்காரர்கள் இதை மறக்கவில்லை. 2010இல் விற்பனைக்கு வந்த எஸ்எல்எஸ் காரில், வண்டி கவிழ்ந்தது என்று சென்சார் கண்டுபிடித்தால், கீலில் வைத்திருக்கும் வெடிபோல்ட் வெடித்துக் கதவையே வண்டியிலிருந்து பிரித்துவிடும். துபாய், ஷார்ஜா கராஜ்களுக்கு வேலைக்குப் போகும் தம்பிகள் இந்த வண்டியைத் தொட நேரலாம். கீல் பக்கம் ஸ்பேனர் வைப்பதற்கு முன் அதை ஏர்பேக் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியைக் கழற்றி, கம்பெனி கையேடு சொல்கிற நேரம் காத்திருந்து, அப்புறம் வேலை. அந்த வெடிபோல்ட்டை நம் பட்டறையில் செய்ய முடியாது. கதவு எடையை 40 கிலோவாக்கிவிட்டு, கவிழ்ந்தால் வெளியே வர வழி வைக்காமல் சாவியைக் கொடுப்பதை வேலை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், சுருக்கமாக. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கு ஒன்றில் இதை உறுதியாகச் சொன்னது. மாற்றினால் ஓனருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பதும் இதைத்தான்.

ஹெரால்டு ஓனர் யோசிக்காத இன்னொன்று இருக்கிறது. 2021இல் மத்திய அரசு பழங்கால வண்டிகளுக்குத் தனிப் பதிவு கொண்டுவந்தது. 50 வருஷம் தாண்டிய, சொந்த உபயோகத்துக்கான இரண்டு சக்கர, நான்கு சக்கர வண்டிகள், அசல் வடிவத்திலேயே இருந்தால், 20,000 ரூபாய் கட்டி 10 வருஷத்துக்குப் பதிவு வாங்கலாம். நம்பரில் விஏ என்ற எழுத்து வரும். சேஸிஸிலும் பாடியிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் செய்த வண்டிக்கு அந்தப் பதிவு கிடையாது. அவருடைய ஹெரால்டு 1960களின் வண்டி. வயசுத் தகுதி எப்போதோ வந்துவிட்டது. கட்டிங் வீலைக் கூரையில் வைத்த நிமிஷம் அந்தத் தகுதி போய்விடும், திரும்ப வராது. சென்னையில் செய்த கார், இனி யாரும் செய்யப்போவதில்லை. மிச்சமிருப்பவற்றின் கூரையில் சாக்பீஸ் கோடு போடுவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

ரோட்டுக்கே வராத வண்டி, சினிமாவுக்கோ கண்காட்சிக்கோ செய்கிற வண்டி என்றால் செய்யுங்கள். துருப்பிடித்து சேஸிஸ் மட்டும் மிஞ்சிய வண்டியை எடுத்து, ஆசைப்பட்டபடி கட்டுங்கள். கூரைக்குக் கீழே குழாயில் ஒரு கூண்டு கட்டி, கீலை அந்தக் குழாயில் வெல்டு செய்யுங்கள், தகரத்தில் வேண்டாம். கதவைத் தராசில் எடை போட்டுவிட்டு அப்புறம் ஷாக் வாங்குங்கள். வேலை நடக்கும்போது திறந்த கதவுக்குக் கீழே ஒரு குழாய்த் தாங்கு எப்போதும் நிற்கட்டும். ஷாக் மாட்டியிருக்கிறது என்று தாங்கை எடுத்துவிட்டுத் தலையை உள்ளே விடாதீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தத் தம்பியின் பட்டறைக்குப் போயிருந்தேன். கூரையில் சாக்பீஸ் கோடு அப்படியே இருந்தது. ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்து தூக்கிப் பார்த்தேன். கீல் பின் தேய்ந்து கதவு அரை அங்குலம் ஆடுகிறது. ஓனருக்கு அந்தக் கதவே பிடிக்காமல் போனதற்குக் காரணம் இதுவாகவும் இருக்கலாம். இழுத்தால் தொங்கும், மூடினால் இடிக்கும் கதவை யார்தான் விரும்புவார்? நான்கு பின், புஷ் கடைந்து போட லேத்தில் ஒரு நாள் வேலை. அதைச் செய்து, பீடிங் மாற்றி, ஒரு விரலால் மூடும்படி கதவைத் தொங்கவிட்டு ஓனரிடம் ஒருமுறை காட்டச் சொல்லியிருக்கிறேன். தம்பி இன்னும் பதில் சொல்லவில்லை.

அவருக்கும், இதே மாதிரி வேலை கையில் இருக்கும் மற்றவர்களுக்கும்: வெட்டுவதற்கு முன் ஒரு போன் போடுங்கள். காலையில் வருகிறேன், காசு வேண்டாம். வண்டியை நான் பார்க்கும் வரை அந்தக் கோட்டின் மேல் கிரைண்டரை வைக்காதீர்கள்.

அன்புடன்,
அண்ணனூரிலிருந்து உங்கள் பழைய ஃபிட்டர்